கடற்பாசி உரத்தை ஐரோப்பாவுக்கு அனுப்பும் முன்: சாறு எப்படி எடுத்தீர்கள்?

கடற்பாசிச் சாறு தயாரிப்பவர்கள் ஏற்றுமதி ஆவண வேலைக்காக என்னிடம் வரும்போது பெரும்பாலும் ஒரு விளைச்சல் சோதனை அறிக்கை, அச்சடித்த லேபிள், ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல் ஆகியவற்றோடு வருவார்கள். அவற்றை அப்புறம் பார்க்கலாம். நான் முதலில் கேட்பது, பாசியிலிருந்து சாறு எப்படி எடுத்தீர்கள், தொட்டியில் தண்ணீர் தவிர வேறென்ன ஊற்றினீர்கள் என்பதைத்தான். ஐரோப்பியச் சந்தையில் உங்கள் பொருளுக்கு எந்த வழி திறக்கும், எவ்வளவு செலவாகும் என்பதில் பாதி அந்தப் பதிலிலேயே முடிவாகிவிடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் உரப்பொருள் ஒழுங்குமுறை 2019/1009, 2022 ஜூலை 16 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பிருந்த 2003/2003 முக்கியமாகக் கனிம உரங்களுக்கானது. பிரிட்டனி, அயர்லாந்து, நார்வே கரைகளில் தலைமுறை தலைமுறையாகப் பாசியை வயலுக்குப் போட்டுவந்தாலும், பாசிச் சாற்றுக்கு அந்தப் பழைய விதியில் இடமில்லை. ஒவ்வொரு நாடும் தன் போக்கில் நடத்தியது. புதிய விதி இடம் கொடுத்திருக்கிறது, கூடவே கேள்விகளும் கேட்கிறது.

அது ஒரு பொருளை இரண்டு கோணத்தில் வகைப்படுத்துகிறது. வயலில் அது செய்யும் வேலையை வைத்து பி.எஃப்.சி. வகை, அது எதிலிருந்து செய்யப்பட்டது என்பதை வைத்து சி.எம்.சி. வகை. பாசிச் சாறு பெரும்பாலும் பி.எஃப்.சி. 6, அதாவது பயிரின் ஊட்டச் செயல்பாட்டைத் தூண்டும் பயோஸ்டிமுலன்ட். இங்கே யாருக்கும் குழப்பம் வருவதில்லை. சிக்கல் இரண்டாவதில்தான்.

சி.எம்.சி. 2 என்பது தாவரங்கள், தாவர பாகங்கள், தாவரச் சாறுகள். பாசியும் காளானும் இதில் அடக்கம் என்று விதியே சொல்கிறது. ஆனால் வெட்டுதல், அரைத்தல், சலித்தல், மையவிலக்கு, பிழிதல், உலர்த்துதல், உறையவைத்தல், தண்ணீரால் சாறெடுத்தல், மீஉய்நிலைக் கார்பன் டை ஆக்சைடால் சாறெடுத்தல் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதைத் தாண்டி எதையும் செய்திருக்கக் கூடாது. உலகச் சந்தையில் அதிகம் விற்கும் அஸ்கோஃபில்லம் என்ற பழுப்புப் பாசியின் சாறுகளில் பெரும்பகுதி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைப் போட்டுச் சூடாக்கி எடுத்தவை. நம் ஊரில் சர்காசம் பாசியில், அதாவது மண்டபம் பக்கம் கட்டக்கோரை என்று சொல்வார்களே, அதிலிருந்து திரவ உரம் செய்பவர்களிலும் பலர் இதே காரமுறையைத்தான் பின்பற்றுகிறார்கள். காரம் போட்ட அந்த நிமிடத்தில் சரக்கு சி.எம்.சி. 2-ஐ விட்டு வெளியே போய்விடுகிறது.

வெளியே போனால் நிற்கும் இடம் சி.எம்.சி. 1, அதாவது ரசாயனப் பொருள்களும் கலவைகளும் வரும் வகை. அங்கே 'ரீச்' என்ற ரசாயனப் பதிவுச் சட்டம் காத்திருக்கிறது. வெறுமனே பதிவு போதாது. ஆண்டுக்கு 10 முதல் 100 டன் வரை கையாள்பவர் தரவேண்டிய அளவுக்கு நச்சியல் தரவும், உரப் பயன்பாட்டை உள்ளடக்கிய பாதுகாப்பு அறிக்கையும் கேட்கிறார்கள். ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் தயாரிப்பாளர் நேரடியாகப் பதிவு செய்யவும் முடியாது. இறக்குமதியாளர் செய்ய வேண்டும், அல்லது அங்கே ஒரு தனிப் பிரதிநிதியை நியமிக்க வேண்டும். சிறு நிறுவனத்தின் முதல் ஆண்டு ஏற்றுமதி வருமானம் மொத்தமும் இதற்கே சரியாகப் போகும்.

இதில் எனக்குப் பிடிபடாத ஒரு விசித்திரம் உண்டு. அதே ஒன்றியத்தின் இயற்கை வேளாண்மை விதி, 2021/1165, பாசிப் பொருள்களைக் காரக் கரைசலாலும் அமிலக் கரைசலாலும் எடுக்கலாம் என்று வெளிப்படையாக அனுமதிக்கிறது. கரைப்பான் தேவையான அளவுக்கு மேல் போகக் கூடாது, பாசி இயற்கைமுறையில் வளர்ந்ததாகவோ நீடித்த முறையில் சேகரித்ததாகவோ இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக, காரத்தில் எடுத்த சாறு இயற்கை விவசாயிக்கு ஆகும், ஆனால் உர ஒழுங்குமுறையின் கண்ணில் அது தாவரச் சாறு அல்ல, ரசாயனம். இயற்கைச் சான்றிதழ் கையில் இருக்கிறது, எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

நமக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. ராமநாதபுரம் கரையில் 'பெப்சி பாசி' என்று பேர் வாங்கிய காப்பாஃபைகஸில் பச்சைப் பாசியை அப்படியே நசுக்கிப் பிழிந்து சாறெடுப்பார்கள். சாறு உரத்துக்கு, சக்கை கேரகீனன் என்ற கெட்டியாக்கும் பொருளை எடுக்க. வெறும் பிழிவு என்பதால் இது சி.எம்.சி. 2-க்கு இயல்பாகவே பொருந்துகிறது. ஆனால் பச்சைச் சாறு கெட்டுப்போகும். கெடாமலிருக்க எதையாவது சேர்ப்பார்கள். அந்தப் பாதுகாப்புப் பொருள் தனியாக சி.எம்.சி. 1-க்குள் வரும். அதற்கும் ரீச் கேள்விகள் உண்டு, உயிர்க்கொல்லிப் பொருள் விதி 528/2012-உம் பார்க்க வேண்டும். ஃபார்மலின் சேர்க்கும் பழக்கம் எங்காவது மிச்சமிருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள். ஐரோப்பாவில் அது 1பி வகைப் புற்றுநோய்க் காரணி.

சுருள்பாசிக்காரர்களுக்கு இரண்டு வரி. ஸ்பைருலினா நீலப்பச்சைப் பாசி, அதாவது சயனோபாக்டீரியா. சி.எம்.சி. 2 அதைப் பெயர் சொல்லி விலக்குகிறது.

அடுத்தது ஆர்சனிக். ஆய்வக அறிக்கையைப் பார்த்துப் பலர் பதறுவதும், பதற வேண்டிய சிலர் பதறாமல் இருப்பதும் இதில்தான். பழுப்புப் பாசிகள் கடல்நீரிலிருந்து ஆர்சனிக்கை நிறைய இழுத்து வைத்துக்கொள்ளும். அதில் பெரும்பகுதி ஆர்சனோ சர்க்கரை போன்ற கரிம வடிவத்தில் இருக்கும், நச்சுத்தன்மை குறைவு. பயோஸ்டிமுலன்ட்டுக்கு ஐரோப்பிய வரம்பு உலர் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம், ஆனால் அது கனிம ஆர்சனிக்குக்கு மட்டும். நம் ஆய்வகங்களிலிருந்து பெரும்பாலும் வருவது மொத்த ஆர்சனிக் எண். அது 55 என்று வந்தால் சரக்கு தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை, கேட்ட கேள்விக்கு வேறு பதில் வந்திருக்கிறது. கனிம வடிவத்தைத் தனியே பிரித்து அளக்கும் சோதனையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திரவச் சரக்கென்றால் முடிவை உலர் எடைக்கு மாற்றிக் கணக்கிட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். லிட்டருக்கு இத்தனை என்று வரும் எண் சிறியதாகத் தெரியும், தண்ணீரைக் கழித்தால் பல மடங்காகிவிடும்.

அதே பாசியைத் தூளாக்கிக் கால்நடைத் தீவனத்துக்கு விற்றால் கதை மாறும். தீவன விதி 2002/32-இலும் கடற்பாசித் தூளுக்கு 40 என்ற எண்தான், ஆனால் அங்கே அது மொத்த ஆர்சனிக். கனிம ஆர்சனிக் 2-க்குக் கீழே என்று அதிகாரிகள் கேட்டால் நிரூபித்துக் காட்டவும் வேண்டும். ஒரே தொகுதி, ஒரே 40, இரண்டு பொருள். உரத்துக்கு எடுத்த அறிக்கையைத் தீவனக் கோப்பில் செருகாதீர்கள்.

உரத்துக்கே திரும்பினால், மற்ற உலோகங்களுக்கான வரம்பு, அதே கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில், காட்மியம் 1.5, பாதரசம் 1, நிக்கல் 50, ஈயம் 120. பழுப்புப் பாசியில் காட்மியத்தின் மேல் ஒரு கண் வையுங்கள். மற்றவை பொதுவாகத் தொல்லை தருவதில்லை.

இனி லேபிள். ஐரோப்பியச் சட்டப்படி பயோஸ்டிமுலன்ட், தன்னிடமுள்ள சத்தின் அளவைச் சாராமல், பயிரின் ஊட்டச் செயல்பாட்டைத் தூண்டுவது. ஊட்டப் பயன்பாட்டுத் திறன், வறட்சி உப்பு வெப்பம் போன்றவற்றைத் தாங்கும் திறன், விளைபொருளின் தரம், மண்ணில் முடங்கிக் கிடக்கும் சத்து கிடைக்கச் செய்தல் ஆகிய நான்கில் ஒன்றையோ பலவற்றையோ மட்டும்தான் உரிமை கோரலாம். நம்மூர்த் துண்டுப் பிரசுர நடையில் 'வேரழுகலைத் தடுக்கும், சாம்பல் நோய்க்கு எதிர்ப்பு சக்தி தரும்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், சரக்கு உர விதியிலிருந்து கழன்று பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1107/2009-க்குள் விழும். அது பூச்சிக்கொல்லிகளுக்கான அங்கீகாரப் பாதை, பல ஆண்டு வேலை. பாசியிலிருந்து வரும் லாமினரின் அந்தப் பாதையில் போய்த்தான் செயல்படு பொருளாக அங்கீகாரம் பெற்றது. ஆகவே முடியாதது இல்லை, ஆனால் லேபிள் எழுதியவரின் உற்சாகத்தால் அதற்குள் போகக் கூடாது. இணையதளத்திலும் விற்பனையாளர் பிரசுரத்திலும் உள்ள வாசகமும் கணக்கில் வரும். ஒரு நிறுவனத்தின் லேபிள் சுத்தமாக இருந்தது, அவர்களுடைய காணொளியில் மட்டும் 'பூஞ்சாணம் அண்டாது' என்று ஓடிக்கொண்டிருந்தது. வாங்குபவர் அதைத்தான் முதலில் பார்த்தார்.

உரிமை கோருவதை நிரூபிக்கவும் வேண்டும், எந்தப் பயிருக்கு என்ன விளைவு என்று லேபிளிலும் சொல்ல வேண்டும். நிரூபணம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு சி.இ.என். என்ற ஐரோப்பியத் தரநிர்ணய அமைப்பு 17700 என்ற வரிசையில் ஆவணங்கள் வெளியிட்டிருக்கிறது. சோதனை வைக்கும் முன்பே அவற்றைப் படியுங்கள். வைத்து முடித்துவிட்டு அறிக்கையை அதற்கேற்ப வளைக்க முயன்றால் புள்ளியியல் காட்டிக் கொடுத்துவிடும்.

'ஜி-3 இருக்கே சார், போதாதா?' என்று கேட்பவர்களுக்கு: ஜி-3 என்பது இந்தியாவில் பயோஸ்டிமுலன்ட்டுக்குத் தந்த தற்காலிகப் பதிவு, அதன் காலம் 2025 ஜூனோடு முடிந்துவிட்டது. இந்தியாவின் 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2021-இல் பயோஸ்டிமுலன்ட் சேர்ந்தது, கடற்பாசிச் சாறு அதில் தாவரச் சாறுகளோடு வருகிறது. இந்தியாவில் விற்க அந்த ஆணைக்கு உட்படுவது கட்டாயம். ஐரோப்பாவில் அதற்கு மதிப்பில்லை. பொருள் ஒன்றிய விதிக்கு உட்பட்டது என்று காட்டும் சி.இ. முத்திரைக்கு, அங்கே அந்த வேலைக்கென்று அறிவிக்கப்பட்ட மதிப்பீட்டு அமைப்பு ஒன்று மதிப்பீடு செய்ய வேண்டும். பயோஸ்டிமுலன்ட்டுக்குத் தாமே சான்றளித்துக்கொள்ளும் வசதி கிடையாது.

ஆனால் சி.இ. முத்திரை கட்டாயமும் இல்லை. பலர் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். ஒரு நாட்டின் தேசிய விதிப்படி அங்கே மட்டும் விற்கலாம். ஸ்பெயினுக்கு 506/2013, இத்தாலிக்கு 75/2010 என்று தனித்தனிச் சட்டங்கள் உள்ளன. அப்படி ஒரு உறுப்பு நாட்டில் முறையாகச் சந்தைக்கு வந்துவிட்டால், 2019/515 தரும் பரஸ்பர ஏற்பைக் காட்டி அடுத்த நாட்டில் கேட்கலாம். காரமுறைச் சாறு வைத்திருக்கும் சிறு தயாரிப்பாளருக்கு, ஒரே ஒரு நாட்டில் நம்பகமான வாங்குபவர் இருந்தால், இப்போதைக்கு இந்த வழிதான் கட்டுபடியாகும் என்பது என் கருத்து.

'இப்போதைக்கு' என்று சொல்லக் காரணம், 2025 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் ரசாயனச் சட்டங்களை எளிமையாக்கும் தொகுப்பு ஒன்றை முன்வைத்தது. உரப்பொருள்களுக்கு மட்டும் உள்ள அந்தக் கூடுதல் ரீச் பதிவுச் சுமையை நீக்கும் யோசனையும் அதில் இருக்கிறது. சட்டமானால் சி.எம்.சி. 1 வழி மலிவாகும். அதை நம்பி இன்றைக்கு இயந்திரம் வாங்காதீர்கள். புதிதாகத் தொட்டி போடப் போகிறவர்கள் தண்ணீர் முறையிலும் காரமுறையிலும் சிறு தொகுதிகள் எடுத்து, இரண்டுக்கும் தனித்தனி தயாரிப்புப் பதிவேடு வைத்து, விளைவில் உண்மையிலேயே எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.