அமிலம் அளக்கப் போகுமுன் ஒரு கிழமை

பொகவந்தலாவைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு மூன்று வருடமாக நெஞ்செரிச்சல். ஒமெப்ரசோல் போட்டும் முழுசாக நிற்கவில்லை. கொழும்புக்குப் போய் மூக்கு வழியாகக் குழாய் விட்டு 24 மணித்தியாலம் அமிலம் பார்க்க வேண்டுமாம். அதற்கு ஏழு நாள் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் விட்டாலே அம்மா ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடிதான் இருப்பார். சோதனைக்கு முதல் நாள் நிறுத்தினால் போதாதா?"

நியாயமான கேள்வி. ஒமெப்ரசோல் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. இரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய மணிக்கொரு தடவை பாதியாகிக்கொண்டே போகும். காலையில் விழுங்கியது பொழுது சாயும்போது தேடினாலும் கிடைக்காது. பிறகு எதற்கு ஏழு நாள்?

முதலில் சோதனையைப் பார்த்துவிடுவோம், அது சுலபம். தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்களுக்குப் புளிப்பை அளக்கும் பி.எச். என்பது புது வார்த்தை இல்லை. தேயிலைக்கு மண் 4.5க்கும் 5.5க்கும் நடுவில் இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் கவ்வாத்து (செடியை வெட்டிவிடும்) சமயத்தில் புளிப்பைக் குறைக்க டொலமைட் போடுவார்கள். இரைப்பைக்குள் அது 1, 2 என்று இருக்கும். ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு. சுமார் இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள குழாயின் உணரி, உணவுக்குழாயின் அடி வாசலுக்கு ஐந்து சென்ரிமீற்றர் மேலே நின்று, சில விநாடிக்கு ஒருமுறை பி.எச். பார்த்து இடுப்பில் கட்டிய பெட்டிக்கு அனுப்பும். 4க்குக் கீழே போன நேரத்தை எல்லாம் கூட்டிப் பார்ப்பார்கள். நாளில் 4 வீதம், அதாவது 58 நிமிடம் வரை, யாருக்கும் நடப்பதுதான். 6 வீதத்தை, கிட்டத்தட்ட 86 நிமிடத்தை, தாண்டினால் அது நோய்.

சரி, மாத்திரைக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நுண்ணிய பம்புகள். ஒரு பொற்றாசியம் அயனை உள்ளே இழுத்து, ஒரு ஐதரசன் அயனை வெளியே தள்ளும். கலத்துக்குள் இருப்பதைவிடப் பத்து இலட்சம் மடங்குக்கு மேல் செறிவாகும் வரை தள்ளிக்கொண்டே இருக்கும். உடம்பில் இப்படி ஒரு மூர்க்கம் வேறெங்கும் கிடையாது. ஆனால் இந்தப் பம்புகள் எந்நேரமும் வேலை செய்வதில்லை. பெரும்பாலானவை கலத்துக்குள் சிறு பைகளில் சுருண்டு தூங்கும். சாப்பாடு வரும்போதுதான் மேலே வந்து, கலத்திலிருந்து அமிலம் வெளியேறும் வாய்க்காலோரம் வரிசைகட்டி நிற்கும்.

ஒமெப்ரசோல் விழுங்கும்போது மருந்தே அல்ல, மருந்தாகப் போகிற ஒன்று. இரைப்பை அமிலம் பட்டால் அங்கேயே சிதைந்துவிடும் என்பதால்தான் மாத்திரைக் கூட்டுக்குள்ளே இருக்கும் சின்னச் சின்ன மணிகளுக்கு ஒரு பூச்சு. (அதை உடைத்துத் தேனில் அரைத்துக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம்.) குடலில் கரைந்து இரத்தத்தில் ஏறி உடம்பெல்லாம் சுற்றும். மின்னேற்றம் இல்லாததால் எந்தக் கலத்தின் மென்சவ்வையும் கடந்து போகும், கடந்து வரும், யாருக்கும் தொந்தரவில்லை. ஒரே ஓர் இடத்தில் மாட்டிக்கொள்ளும். அமிலக் கலத்தின் வாய்க்காலுக்குள் நுழைந்ததும் அங்கிருக்கும் ஐதரசன் அயன் அதன்மேல் ஏறிவிடும். மின்னேற்றம் வந்துவிட்டால் சவ்வைக் கடந்து திரும்பிப் போக முடியாது. இப்படி ஒவ்வொன்றாக மாட்டி, இரத்தத்தில் இருப்பதைப்போல் ஆயிரம் மடங்கு அங்கே குவிந்துவிடும். அந்தப் புளிப்பிலேயே அதன் உருவம் திருகி மாறி, பக்கத்துப் பம்பில் இருக்கும் கந்தக அணு ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பம்பின் கதை அத்தோடு முடிந்தது.

தன்னை அடைக்கப்போகிற பூட்டைப் பம்பு தானே சுரந்த அமிலத்தால் செய்து கொடுக்கிறது! படித்து இருபது வருடமாகியும் எனக்கு இந்த வியப்பு தீரவில்லை.

இப்போது ஏழு நாள் கணக்குப் புரியும். கவ்வாத்துக் கத்தி சாயந்தரமே லயத்துக்குத் திரும்பிவிடும், மலை அதன்பிறகு மாதக்கணக்கில் மொட்டையாகத்தான் கிடக்கும். அதுபோல மருந்து இரத்தத்தை விட்டுப் போன பின்னும் பூட்டிய பம்புகள் பூட்டியே கிடக்கும். உடம்பு புதுப் பம்புகளைச் செய்து மேலே அனுப்ப நாட்கள் எடுக்கும். அதற்கு முன்பே குழாயை விட்டால், மருந்தின் மிச்ச வேலையைத்தான் அளந்துகொண்டு வருவோம். "அமிலம் சரியாகத்தான் இருக்கிறது" என்று அறிக்கை வரும், அம்மாவுக்கு எரிச்சல் அப்படியே இருக்கும்.

ஃபமோடிடின் போன்ற வேறு அமில மாத்திரைகள், அமிலம் சுரக்கச் சொல்லிக் கலத்துக்கு வரும் ஹிஸ்டமின் செய்தியை வழிமறிப்பவை, பம்பைப் பூட்டுவதில்லை. அதனால் இரண்டு மூன்று நாள் போதும். அமிலத்தை முறிக்கிற வெள்ளைப் பாணி மருந்தை சோதனைக்கு முதல் நாள் வரை அனேகமாக அனுமதிப்பார்கள். அந்த ஒரு கிழமையை ஓட்ட அதுதான் துணை, எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எதையும் தானாக நிறுத்தக்கூடாது. சிலருக்கு மருந்து போட்டபடியே இதே சோதனையைச் செய்வதுண்டு. இருதய மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எல்லாம் டொக்டர் சொல்லாமல் தொடவே கூடாது.

நிறுத்திய நாட்களில் எரிச்சல் முன்னைவிடக் கூடலாம். அமிலம் குறைந்திருந்த காலமெல்லாம் உடம்பு அதை ஈடுகட்ட, அமிலம் சுரக்கத் தூண்டும் காஸ்ட்ரின் ஹோர்மோனைக் கூட்டி வைத்திருக்கும். 2009இல் டென்மார்க்கில், நோயே இல்லாதவர்களுக்கு இந்த வகை மருந்தை எட்டுக் கிழமை கொடுத்து நிறுத்தியபோது பத்துக்கு நான்கு பேருக்கு மேல் நெஞ்செரிச்சல் போன்ற தொல்லை வந்தது. எங்கள் பெரியம்மா இந்த நிலையில் இருந்தபோது கண்ணூறு என்று சொல்லி மூன்று தேசிக்காய் வெட்டினார்கள். வெட்டுவதில் கெடுதல் இல்லை. வெட்டியதைப் பிழிந்து "சூட்டைத் தணிக்கும்" என்று குடிக்கக் கொடுத்தார்களே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அதன் பி.எச். 2 அளவில்!

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது, நம் மலை மண்ணின் புளிப்பு எவ்வளவு என்று பத்துக்குப் பத்து தெரியும். அந்த மண்ணில் நாற்பது வருடம் கூடை சுமந்த மனுஷியின் நெஞ்சுக்குள் பார்க்க ஹட்டனில் ரயில் ஏறச் சொல்கிறார்கள். ஆராய்ச்சிப் பணம் எந்தப் பக்கம் ஓடியது என்பதற்கு வேறு கணக்கு எனக்குத் தேவையில்லை.

டீச்சர், மற்றதெல்லாம் சின்ன விசயங்கள். அன்று ஆறு மணித்தியாலம் வெறும் வயிறு, இடம் இடத்துக்கு இது மாறும். குழாய் இறங்கும்போது மூக்கில் கூசும், கண்ணில் தண்ணீர் வரும், தண்ணீரை மிடறு மிடறாக விழுங்கச் சொல்வார்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் பெட்டி நனையக்கூடாது, குளிப்பு அடுத்த நாள்தான். அன்றைக்கென்று கஞ்சி குடித்துப் பத்தியம் காக்க வேண்டாம். ரொட்டியும் கட்டைச் சம்பலும் வழக்கமென்றால் அதையே சாப்பிடட்டும், வழக்கம்போல் குனிந்து நிமிரட்டும். எரிந்தால் பெட்டியில் பொத்தானை அழுத்த வேண்டும். சாப்பிடத் தொடங்கியது, முடித்தது, படுத்தது, எழும்பியது எல்லாம் நேரத்தோடு எழுத வேண்டும். சாப்பாட்டு நேரத்தைக் கணக்கிலிருந்து வெட்டிவிடுவார்கள் என்பதால் தேத்தண்ணியைப் பகல் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்காமல் ஒரேயடியாகக் குடித்து முடிக்கச் சொல்லுங்கள். எழுதுகிற வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் பெட்டியின் மணியைப் பார்த்து.

குழாயை எடுத்ததும் மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொன்னால், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு கொடுங்கள், பம்புகள் எழும்புகிற நேரம் அது. முதல் நாளே அடங்கவில்லை என்று அம்மா முறையிடுவார். அன்று விழித்திருந்த பம்புகள் மட்டும்தான் பூட்டப்பட்டிருக்கும். தூங்கியவை அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் எழும்பி வந்து ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ளும்.