தாதேற்றம் வேறு, கருவுறுதல் வேறு

பூசணிக்குச் ‘செயற்கைக் கருவூட்டல்’ செய்வது எப்படி என்று மாடித்தோட்டக் காணொளிகள் சொல்லித் தருகின்றன. ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்து, பெண்பூவின் நடுவில் தடவுகிறார்கள். இதில் கருவை யாரும் ஊட்டவில்லை. வண்டு செய்யும் வேலையைக் கை செய்கிறது, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் பாலினேஷன், ஃபெர்ட்டிலைசேஷன் என இரு சொற்கள். முன்னது பூந்தூள் பெண்பகுதியில் போய் ஒட்டுவது, பின்னது கரு உண்டாவது. முன்னதன் வேரான ‘பொல்லென்’ இலத்தீனில் நைசான மாவு. பின்னதைத் தமிழ்நாட்டில் கருவுறுதல் என்றும் இலங்கையில் கருக்கட்டல் என்றும் சொல்கிறோம். இரண்டிலும் எனக்குக் குறையில்லை. சிக்கல் முன்னதைத் தமிழாக்குவதில்தான்.

ஆண்பகுதியான தாதுப்பையிலிருந்து தூள் பெண்பகுதியின் நுனியான சூல்முடியில் போய் ஒட்டுவதுடன் முதல் நிகழ்வு முடிந்துவிடுகிறது. அதன்பின் தூள் ஈரம் உறிஞ்சிப் பருத்து, குழாய் விட்டு, சூல்தண்டின் வழியே, பின்னர் விதையாகும் சூலை எட்டவேண்டும். அங்கே ஓர் ஆண் அணு முட்டையுடன் கூடிக் கருவாகும். இன்னொன்று, விதைக்குள் கருவுக்கு உணவாகும் கருவூணுக்கு வழிசெய்யும். இந்த இரட்டைக் கூடலை ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் 1898இல் கண்டார். இரண்டு நிகழ்வுக்கும் இடையே மக்காச்சோளத்தில் ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஓக் மரத்தின் சில இனங்களில் ஓராண்டுக்கு மேல் ஆகும். இத்தனை இடைவெளியை ஒரே சொல்லில் போட்டு மூடலாமா?

மாடு வளர்ப்பவர்கள் மூடுவதில்லை. “சினை ஊசி போட்டாச்சு, சினை பிடிக்கல” என்று இரண்டையும் பிரித்தே பேசுகிறார்கள். விந்தை உள்ளே செலுத்துவதற்குக் கருவூட்டல் என்று பெயர் வைத்தது அலுவலகத் தமிழ். அந்தப் பிழைதான் இப்போது கொட்டிலிலிருந்து தோட்டத்துக்கு வந்திருக்கிறது.

குழப்பத்தின் விலை காயில் தெரியும். பூசணிப்பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடும். பத்து மணிக்குப் பிறகு தடவினால் பெரும்பாலும் வீண். மழை பட்ட தூள் நீரை உறிஞ்சி வெடிக்கும். கடும் வெயிலில் தூள் முளைப்பதே இல்லை. சூல்முடியின் எல்லா மடல்களிலும் படாமல் ஒருபக்கம் மட்டும் தடவினால், பிஞ்சு நின்றாலும் காய் கோணும். “கருவூட்டிவிட்டேன், பிஞ்சு ஏன் மஞ்சளாகி வெம்பி விழுகிறது?” என்று கேட்பவர் கருவூட்டவில்லை, தூளைத் தடவினார், கரு பிடிக்கவில்லை. மக்காச்சோளக் கதிரிலும் இதே கதைதான். கதிர்நுனியில் தொங்கும் ஒரு பட்டிழைக்கு ஒரு மணி. தூள் விழுந்தும் குழாய் அடிவரை போய்ச் சேராத இழையின் மணி பொக்கு.

சரி, மகரந்தச் சேர்க்கை என்றே சொல்லிவிடலாமே? கருவூட்டலைவிட மேல்தான். ஆனால் ‘சேர்க்கை’ என்றதும் கூடல் முடிந்துவிட்டதாகவே காதில் விழுகிறது. ‘மகரந்தம்’ அதைவிட வேடிக்கை. வடமொழியில் அது முதலில் பூவின் தேன். தூளுக்கு அங்கே பராகம் என்று பெயர். மலையாளம் பராகணம் என்கிறது, கன்னடம் பராகஸ்பர்ஶ என்கிறது, இந்தியும் பராகத்தையே பிடித்துக்கொண்டது. தேனின் பெயரைத் தூளுக்குச் சூட்டி, பிள்ளைகளிடம் “பூச்சி குடிப்பது தேன், உடம்பில் ஒட்டுவது மகரந்தம்” என்று மனப்பாடம் செய்யச் சொல்பவர்கள் நாம்தான்.

நமக்குத் தாது இருக்கிறது. “அதுவும் வடசொல்தானே” என்பார்கள். இருக்கட்டும், என் வழக்கு தூய்மைக்காக அல்ல, தெளிவுக்காக. அகநானூற்றின் 4ஆம் பாட்டிலேயே தேனீயும் வண்டும் ‘தாதுண் பறவை’. அவை கலங்கக்கூடாது என்று தலைவன் தேர்மணியின் நாவைக் கட்டுகிறான். தாது உப்பு, தாதுபுஷ்டி லேகியம், தாதுவருஷப் பஞ்சம் எல்லாம் குறுக்கே வரும் என்பது நியாயமான மறுப்பு. அதற்குத்தான் பூந்தாது. தூள் சூல்முடியில் ஏறுவது தாதேற்றம். கையால் செய்தால் கைத்தாதேற்றம். கருவுறுதல் தன் இடத்திலேயே இருக்கும்.

மொழிபெயர்ப்பாளர்களோ அடுத்த படிக்குப் போய்விட்டார்கள். பூச்சிகளை ‘மகரந்தச் சேர்க்கையாளர்கள்’ என்கிறார்கள், ஏதோ சேர்க்கைப் பிரிவில் விண்ணப்பம் வாங்கும் ஊழியர்கள்போல. தாதேற்றி என்றால் போதும். வண்டு, வௌவால், காற்று, தோட்டக்காரர் கையிலுள்ள தூரிகை என எல்லாம் அதில் அடங்கும்.