டொக்டர் அழைக்கவில்லை என்றால் எல்லாம் சரி என்று அர்த்தமா?

"ஒருத்தரும் கோல் பண்ணேல்லை டொக்டர். அப்ப எல்லாம் ஓகேதானே?" போன தடவை எழுதிக்கொடுத்த பரிசோதனை என்ன ஆயிற்று என்று விசாரித்தால், டொரொன்டோவின் ஸ்காபரோவில் என்னிடம் வரும் பலர் சொல்லும் பதில் இதுதான். அநேகமான நேரங்களில் ஓகேதான். மிச்ச நேரங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கனடிய மருத்துவம் பற்றிய பேச்சு எப்போதும் காத்திருப்பில் போய் நிற்கும். குடும்ப மருத்துவர் கிடைப்பதில்லை: 2022இல் நடந்த 'அவர்கேர்' ஆய்வின் கணக்கில், வயதுவந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல், அதாவது சுமார் 65 இலட்சம் பேருக்கு, நிரந்தரமாகப் பார்க்க ஒரு டொக்டரோ நர்ஸ் பிராக்டிஷனரோ இல்லை. ஸ்பெஷலிஸ்ட்டும் இலேசில் கிடைப்பதில்லை. குடும்ப மருத்துவர் அனுப்பிய நாளிலிருந்து சிகிச்சை தொடங்கும்வரை சராசரியாக 30 வாரம் ஆகிறது என்று ஃப்ரேசர் நிறுவனம் 2024இல் சொன்னது. கேள்விக்கொத்துக்குப் பதில் அனுப்பிய மருத்துவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. இலக்கத்தை நான் அப்படியே நம்புவதில்லை. ஆனால் நிலைமை அந்தப் பக்கம்தான் போகிறது என்பதை என் பேஷன்ட்களைப் பார்த்தே சொல்லமுடியும்.

நீண்ட வரிசையில் நிற்கிறோம் என்று தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வரிசையில் நம் பெயரே இல்லாமல், இருக்கிறது என்று நினைத்துக் காத்திருப்பதுதான் ஆபத்து. அது நாங்கள் நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது.

ஒரு ரெஃபரல், அதாவது ஸ்பெஷலிஸ்டிடம் உங்களை அனுப்பும் கடிதம், எப்படிப் போகிறது என்று பாருங்கள். கிளினிக், லாப், ஸ்கேன் எடுக்கும் இடம், ஸ்பெஷலிஸ்டின் அலுவலகம், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணினி அமைப்பு. பல இடங்களில் ஒன்று இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. இடையில் ஓடித்திரிவது இன்னமும் ஃபாக்ஸ்தான். ஐந்து ஆண்டுகளில் ஃபாக்ஸை ஒழித்துவிடுவோம் என்று எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் அரசு 2023இல் அறிவித்தது. எங்கள் கிளினிக் மெஷின் அதைக் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு இலக்கம் பிழைத்தால் கடிதம் வேறெங்கோ போய்விடும். ஸ்பெஷலிஸ்ட் ஓய்வுபெற்றிருக்கலாம். "இந்த வருத்தம் நாங்கள் பார்ப்பதில்லை" என்று திருப்பி அனுப்பியிருக்கலாம், அந்தப் பதில் இன்னொருவருடைய கோப்புக்குள் போயிருக்கலாம்.

ஆல்பர்ட்டாவில் கிரெக் பிரைஸ் என்ற இளம் பொறியியலாளர் 2012ஆம் ஆண்டு, 31 வயதில், விதைப்பைப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சை முடிந்து சில நாட்களில் இறந்துபோனார். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாகக்கூடிய புற்றுநோய் அது. மாகாணத்தின் மருத்துவத் தர ஆணையம் விசாரித்து 2013 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, ஒரு தனி மருத்துவரைக் குற்றவாளியாக்கவில்லை. ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு மாறிய இடங்களில் தகவல் தங்கிப்போனதையும் நாட்கள் வீணானதையும் அது படிப்படியாகக் காட்டியது. அவருடைய குடும்பம் இன்றைக்கும் அதைப் பகிரங்கமாகப் பேசிவருகிறது. படித்தவர், ஆங்கிலம் தாய்மொழி, தானே விசாரித்துத் திரியக்கூடியவர். அவருக்கே அந்தக் கதி என்றால், மகன் லீவு போட்டு வந்தால்தான் டொக்டரிடம் பேசமுடியும் என்ற நிலையில் இருக்கும் எங்கள் அம்மாக்களை நினைத்துப்பாருங்கள்.

எனக்கு அதிகம் பயம் தருவது எமர்ஜென்சியில் எடுக்கும் ஸ்கேன். வயிற்றுக் குத்து என்று இரவில் போகிறீர்கள். சி.டி. எடுத்து, "சிறுநீரகக் கல், தானாகப் போய்விடும்" என்று மாத்திரை தந்து அனுப்புகிறார்கள். அந்த ரிப்போர்ட்டின் கடைசி வரியில், நுரையீரலின் அடிப்பகுதியில் 7 மில்லிமீட்டர் முடிச்சு ஒன்று, 6 முதல் 12 மாதங்களுக்குள் மறுபடி ஸ்கேன் எடுக்கவும் என்று இருக்கும். இப்படிப்பட்ட முடிச்சுகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் மறுபடி பார்க்கவேண்டும். யார் பார்ப்பது? இரவு உங்களைப் பார்த்த டொக்டரின் வேலைநேரம் முடிந்துவிட்டது. பதிவு செய்யும் இடத்தில் நீங்கள் சொன்ன குடும்ப மருத்துவருக்குத்தான் நகல் போகும். அங்கே, ஓய்வுபெற்றுப்போன பழைய டொக்டரின் பெயரைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். "ஒருத்தரும் இல்லை" என்பவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் அந்தக் கடைசி வரியை வாசிக்க ஆளில்லை. ஆகவே எமர்ஜென்சியை விட்டு வெளியேறுமுன் ஸ்கேன் ரிப்போர்ட்டின் பிரதியைக் கேளுங்கள், அல்லது ஆஸ்பத்திரியின் இணையக் கணக்கில் பாருங்கள். ஸ்காபரோ ஆஸ்பத்திரிகளில் அதற்கு மைசார்ட் இருக்கிறது.

தொலைபேசி இன்னொரு பிரச்சினை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்பு பல நேரம் இலக்கம் காட்டாமல் வரும். வருமான வரி அலுவலகம் என்று ஏமாற்றும் கும்பல்களுக்குப் பயந்து, தெரியாத அழைப்பை எடுக்கவேண்டாம் என்று பெற்றோருக்குச் சொல்லிவைத்திருப்பதும் நாங்கள்தான். வாய்ஸ்மெயிலும் நிறைந்து கிடக்கும். இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு ரெஃபரலை மூடிவிடும் அலுவலகங்கள் உண்டு. குறைந்தபட்சம், ஏதாவது முடிவுக்காகக் காத்திருக்கும் வாரங்களிலாவது போனை எடுங்கள். பிள்ளையின் இலக்கத்தையும் கோப்பில் போடச் சொல்லுங்கள்.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் பார்க்கும் ஃபிட் பரிசோதனை 50 முதல் 74 வயதுவரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்ராறியோவில் இலவசம். குடும்ப மருத்துவர் இல்லாதவர்கள் மாகாணத்தின் சுகாதாரத் தொலைபேசிச் சேவையான 811க்கு அழைத்தே அதைக் கேட்கலாம். முடிவு வழமைக்கு மாறாக வந்தால் 8 வாரங்களுக்குள் கொலனாஸ்கோபி (பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்ப்பது) செய்யவேண்டும் என்பது மாகாணத்தின் இலக்கு. உடம்பில் ஒரு வருத்தமும் தெரியாது. குளிருக்குத் தப்பி யாழ்ப்பாணம் போய்விட்டு மார்ச்சில் திரும்பி வருபவருக்கு அந்த 8 வாரம் எப்போதோ போயிருக்கும். மாகாணத்தின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப்பில் பழைய முகவரி இருந்தால் கடிதமும் பழைய வீட்டுக்குத்தான் போகும்.

எங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். ஒன்ராறியோ மருத்துவச் சங்கத்தின் கணக்கில், ஒரு குடும்ப மருத்துவர் வாரத்துக்குச் சுமார் 19 மணி நேரத்தைப் படிவம், கடிதம் போன்ற நிர்வாக வேலைகளில் செலவிடுகிறார். அதற்குள் பதில் வராத ரெஃபரல் ஒவ்வொன்றையும் துரத்துவது நடக்கிற காரியமல்ல. ஆனால் விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. மருத்துவர்களைக் கட்டுப்படுத்தும் ஒன்ராறியோ மருத்துவர் கல்லூரியின் விதிப்படி, ரெஃபரல் கிடைத்த 14 நாட்களுக்குள் ஸ்பெஷலிஸ்ட் அதை ஏற்கிறாரா இல்லையா என்று அறிவிக்கவேண்டும். "பிரச்சினை இருந்தால் மட்டும் அழைப்போம்" என்ற முறையைப் பின்பற்றும் மருத்துவர் அதை முன்கூட்டியே உங்களிடம் சொல்லவேண்டும். நீங்களே அழைத்து முடிவைக் கேட்கலாம் என்பதையும் சொல்லவேண்டும். எனவே அறையை விட்டு எழும்புமுன், எத்தனை நாளில் முடிவு வரும், வராவிட்டால் யாருக்கு அழைப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொல்லை கொடுக்கிறோமோ என்று கூச்சப்படத் தேவையில்லை. இரண்டு வாரம் கழித்து வரும் ஒரு அழைப்பு என் வேலையைக் குறைக்கிறது.

லாப் முடிவுகளை லைஃப்லாப்ஸ், டைனாகேர் இணையத்தளங்களில் நீங்களே பார்க்கலாம். பாருங்கள், ஆனால் சிவப்பில் ஒரு இலக்கம் தெரிந்தவுடன் வாட்ஸப் குழுவில் போட்டு வைத்தியம் கேட்காதீர்கள். எல்லையைச் சற்றுத் தாண்டிய இலக்கங்களில் பல பொருட்படுத்தத் தேவையில்லாதவை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது தகவலோடு மருந்தும் குழம்பும். அங்கே ஒரு கொலஸ்ட்ரோல் மாத்திரையைத் தந்திருப்பார்கள். வீட்டில் அதே மருந்து வேறு பெயரில் இருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருப்பார்கள். நீண்டகால நோய்க்கு மூன்றோ அதற்கு மேலோ மருந்து எடுப்பவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் ஃபார்மசிஸ்ட் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபார்க்கும் 'மெட்ஸ்செக்' ஒன்ராறியோவில் இலவசம். வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் யாரோ கொண்டுவந்து தந்த மாத்திரை அட்டைகளையும் அதே பைக்குள் போடுங்கள். அதற்காக ஒருவரும் ஏசமாட்டார்கள்.