‘டிஸ்க் விலகிடுச்சு’ என்று சொல்லிவிட்டார்களா?

இடுப்பு வலி என்று வருகிறவர்களில் பலர், நாற்காலியில் உட்காரும் முன்பே எம்.ஆர்.ஐ. உறையை என் மேசைமேல் வைத்துவிடுவார்கள். சென்ற மாதம் வந்த அந்த அம்மாவும் அப்படித்தான். வயது 42, மெஸ்ஸில் சமையல் வேலை. அரிசி மூட்டையை நகர்த்தும்போது இடுப்பில் பிடித்து, வலி வலது காலுக்கு இறங்கியிருக்கிறது. இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருப்பதாக ரிப்போர்ட். “டிஸ்க் விலகிடுச்சாம் சார். இனிமே குனிஞ்சா கால் விழுந்துடும்னு சொல்றாங்க” என்று அழுதார். மூன்று வாரமாகத் தரையில் பாய் விரித்துப் படுத்தே கிடந்திருக்கிறார். பெல்ட்டைக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவாராம்.

டிஸ்க் அப்படி நழுவிப் போகாது. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு இறுக ஒட்டியிருக்கிறது. வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே கூழ் போன்ற பகுதி. வளையம் தளர்ந்தால் புடைக்கும். கிழிந்தால் கூழ் வெளியே பிதுங்கும். அது பக்கத்து நரம்பைச் சீண்டும்போது வலி காலுக்கு இறங்குகிறது. இதைத்தான் சயாட்டிகா என்கிறோம். பிதுங்கியதை உடம்பே சில மாதங்களில் கரைத்துச் சுருக்கிவிடுவது பலருக்கும் நடக்கிறது. அதிகமாகப் பிதுங்கியதுதான் பெரும்பாலும் நன்றாகச் சுருங்குகிறது என்று சொன்னால் யாரும் லேசில் நம்புவதில்லை.

முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைத்திருந்தது. 40 வயதில் 50 சதவீதம், 80 வயதில் 84. அதனால் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. ஆளைப் பார்க்க வேண்டும்.

அந்த அம்மாவைக் குதிகாலில் நடக்கச் சொன்னேன், அப்புறம் நுனிக்காலில். நடந்தார். கால் கட்டைவிரலை நான் கீழே அழுத்த, அவர் எதிர்த்து மேலே தூக்கினார். தொடு உணர்வு சரியாக இருந்தது. சிறுநீர், மலம் போவதில் சிக்கல் இல்லை. கால் விழும் அறிகுறி எதுவும் இல்லை என்று அவர் கணவரிடமும் சேர்த்துச் சொன்னேன்.

முதல் வாரம் மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் வீட்டுக்குள் நடை. அடுத்து, உட்கார்ந்தபடியே மெல்லக் குனிதல். பிறகு காலிக் குடம், அரைக் குடம் என்று தூக்கிப் பழகினார். 1995-ல் ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், புதிதாக இடுப்பு வலி வந்து இரண்டு நாள் படுத்து ஓய்வெடுத்தவர்களைவிட, வலி விட்ட அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். படுக்கையில் தசை தளர்கிறது. அதைவிட மோசம், பயம் கூடுகிறது.

பெல்ட்டும், இடுப்பை இழுத்துவிடும் டிராக்‌ஷனும்? நாள்பட்ட இடுப்பு வலிக்கு இவை வழக்கமாக வேண்டாம் என்றே 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. இடுப்பை இழுத்தால்தான் வைத்தியம் என்று நம்பி வருகிறவர்களிடம் பொறுமையாக விளக்குகிறேன், பயிற்சிதான் நிற்கும். வலி மாத்திரை கொஞ்ச நாளுக்கு உதவும், ஆனால் குடல் புண், சிறுநீரகக் கோளாறு, பி.பி. உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கிப் போடாதீர்கள். முதுகில் போடும் ஊசி கால் வலியைத் தற்காலிகமாகக் குறைக்கும். ஆறேழு வாரமாகியும் கால் வலி தாங்க முடியவில்லை என்றால், அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம். அது வலியைச் சீக்கிரம் குறைக்கிறது.

சிலருக்கு மட்டும் காத்திருக்க நேரம் இல்லை. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் படுத்தாலும் அடங்காத வலி இருந்தால், முதுகெலும்பில் காசநோயா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் அது அபூர்வம் இல்லை. முன்பு புற்றுநோய் வந்தவர்களும், கீழே விழுந்த முதியவர்களும் தாமதிக்கக் கூடாது. பாதம் தொங்கிப்போவது, கால் நாளுக்கு நாள் பலவீனமாவது, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தெரியாமலே போய்விடுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் சுளுக்கு எடுக்கவோ என்னிடமோ போகாமல், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரவு இரண்டு மணி ஆனாலும் சரி.