காணாத துகளை எடைபோட்ட கணக்கு

கேரம் போர்டில் ஒரு காயைக் கோணம் ஏதுமில்லாமல் ஸ்ட்ரைக்கரால் நேராக அடித்தால் இரண்டு விஷயங்கள் நடக்கும். ஸ்ட்ரைக்கர் அடித்த இடத்தில் நிற்காமல், வேகம் குறைந்து காயின் பின்னாலேயே போகும். காயோ, ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் ஓடும். முதலாவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள்; காய் விழுந்த பாக்கெட்டிலேயே ஸ்ட்ரைக்கரும் போய் விழ, எடுத்த காயைத் திருப்பி வைத்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். இரண்டாவதுதான் இடிக்கிறது. ஸ்ட்ரைக்கரிடம் இல்லாத வேகம் காய்க்கு எங்கிருந்து வந்தது?

வேகத்தை மட்டும் பார்த்தால் கணக்கு இடிக்கத்தான் செய்யும். மோதலில் கைமாறும் சரக்கு உந்தம். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது அது. போட்டி விதிகளின்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. காய் 5 முதல் 5.5 கிராம். கணக்கு எளிதாக இருக்க 15, 5 என்றே வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரைக்கர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் உந்தம் 30. காய் சும்மா இருக்கிறது, அதன் உந்தம் பூஜ்யம். மோதிய பிறகு ஸ்ட்ரைக்கர் 1 மீட்டர் வேகத்திலும் காய் 3 மீட்டர் வேகத்திலும் போனால், ஆளுக்கு 15, மொத்தம் அதே 30. காய் மூன்றில் ஒரு பங்கு எடைதான் என்பதால், கொஞ்சம் உந்தம் வாங்கினாலே அதன் வேகம் எகிறிவிடுகிறது.

மொத்தம் ஏன் மாறுவதில்லை? தொட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கண நேரத்தில் ஸ்ட்ரைக்கர் காயை எவ்வளவு விசையுடன் முன்னே தள்ளுகிறதோ, அதே விசையுடன் காயும் ஸ்ட்ரைக்கரைப் பின்னே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி அவ்வளவுதான் சொல்கிறது. விசை சமம், நேரமும் சமம் (இது அதைத் தொடும்போதுதான் அதுவும் இதைத் தொடும்). விசையையும் நேரத்தையும் பெருக்கினால் வருவதுதான் உந்தத்தில் ஏற்படும் மாற்றம். ஆக, காய் பெற்றதும் ஸ்ட்ரைக்கர் இழந்ததும் பைசா சுத்தமாகச் சமம். அந்த விசை எப்படி ஏறியது, எப்படி இறங்கியது, காய் மரமா பிளாஸ்டிக்கா, தொட்ட இடத்தில் என்ன நசுங்கியது என்று எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உள்ளே நடப்பதைப் பார்க்காமலேயே வெளியே வருவதைச் சொல்லிவிடலாம் என்பதுதான் இந்த விதியின் பெரிய வசதி.

ஒரு நிபந்தனை உண்டு. வெளியிலிருந்து யாரும் குறுக்கே வரக் கூடாது. போர்டின் உராய்வு குறுக்கே வரத்தான் செய்கிறது. ஆனால் தொடும் நேரம் மிகக் குறைவு என்பதால், அதற்குள் உராய்வால் பெரிதாக எதையும் பிடுங்க முடியாது. அப்புறம் காய் மெல்ல மெல்ல நிற்கிறதே, அந்த உந்தமெல்லாம் போர்டுக்குப் போய், மேஜை வழியாகப் பூமிக்குப் போகிறது. பூமியின் நிறைக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

திசைவேகம் என்று சொல்லும்போது அதிலுள்ள 'திசை'யை விட்டுவிடக் கூடாது. வலப்பக்கம் போவது கூட்டல் என்றால் இடப்பக்கம் போவது கழித்தல். இரண்டு சம எடை களிமண் உருண்டைகள் சம வேகத்தில் எதிரெதிரே வந்து மோதி, ஒட்டி நின்றுவிட்டால் உந்தம் தொலைந்து போகவில்லை. முன்பே மொத்தம் பூஜ்யம்தான். இன்று இது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் 1644-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனே தெக்கார்த்து எழுதிய மோதல் விதிகள் ஏழிலும் இந்தக் குறி இல்லை. உலகில் மொத்த இயக்கம் மாறாது என்ற நல்ல யோசனையைப் பிடித்தவர், திசையைக் கணக்கில் சேர்க்காமல் கோட்டை விட்டார். நிற்கும் பெரிய பொருளின் மீது அதைவிடச் சிறியது எவ்வளவு வேகமாக வந்து மோதினாலும் அதை அசைக்கவே முடியாது என்பது அவருடைய விதிகளில் ஒன்று. கையில் இரண்டு கோலி இருந்தால் அரை நிமிடத்தில் பொய் என்று காட்டிவிடலாம்.

அதைச் சரிசெய்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஹாலந்துக்காரரான கிறிஸ்டியான் ஹைகன்ஸ். 1650-களில், இருபதுகளின் வயதில், அவர் போட்ட கணக்கு ஒரு படகில் நடக்கிறது. கால்வாயில் அலுங்காமல் சீரான வேகத்தில் போகும் படகு. அதில் ஒருவர் இரண்டு கைகளிலும் நூலில் கட்டிய சம எடைக் குண்டுகளைப் பிடித்திருக்கிறார். இரண்டையும் சம வேகத்தில் ஒன்றை நோக்கி ஒன்றைக் கொண்டுவந்து மோதவிடுகிறார். எது உசத்தி என்று சொல்ல வழியில்லாத மோதல் அது. ஆகவே இரண்டும் வந்த வேகத்திலேயே திரும்பிப் போகும். இதில் யாருக்கும் சந்தேகம் வராது.

இப்போது கரையில் நிற்பவரின் கண்ணால் பாருங்கள். படகில் இருப்பவர் குண்டுகளை மோதவிடும் அதே வேகத்தில் படகும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். படகு போகும் திசைக்கு எதிராக வரும் குண்டு, கரையில் இருப்பவருக்கு அசையாமல் நிற்பதாகத் தெரியும். மற்றது இரட்டை வேகத்தில் வரும். மோதிய பின் நிலைமை தலைகீழ்: வந்தது நின்றுவிட, நின்றது இரட்டை வேகத்தில் கிளம்பிவிடும். சம எடைக் கோலிகள் நேருக்கு நேர் அடித்துக்கொள்ளும்போது அடித்த கோலி அங்கேயே நின்று, அடிபட்டது ஓடுகிறதே, அதேதான். ஒரு சமன்பாடுகூட எழுதாமல், பார்க்கும் இடத்தை மாற்றியே விடை வந்துவிட்டது.

1668-இல் லண்டன் ராயல் சொசைட்டி மோதல் விதிகளைப் பற்றிக் கேட்டபோது, ஹைகன்ஸுடன் ஜான் வாலிஸ், கிறிஸ்டோபர் ரென் இருவரும் விடை அனுப்பினார்கள். ரென் வேறு யாருமில்லை, லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே கட்டடக் கலைஞர். ஹைகன்ஸின் முழு நூல் அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து 1703-இல்தான் அச்சானது.

இந்தப் படகில் கேரமையும் ஏற்றலாம். எடை சமமில்லாவிட்டால் படகின் வேகத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். மொத்த உந்தத்தை மொத்த நிறையால் வகுத்தால் அந்த வேகம் கிடைக்கும்: 30-ஐ 20-ஆல் வகுக்க 1.5. அந்த வேகத்தில் கூடவே போய்ப் பார்த்தால் ஸ்ட்ரைக்கர் 0.5 வேகத்தில் முன்னே வருகிறது, காய் 1.5 வேகத்தில் எதிரே வருகிறது. மோதியதும் இரண்டும் வந்த வழியே திரும்புகின்றன. கரைக்கு வந்து படகின் வேகத்தைச் சேர்த்துக்கொண்டால் ஸ்ட்ரைக்கருக்கு 1, காய்க்கு 3. முதலில் எடுத்துக்கொண்ட எண்கள் இங்கிருந்துதான் வந்தன. நின்றிருந்த பொருள் எப்போதும் படகின் வேகத்தைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் கிளம்பும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

நிஜக் கேரமில் 3 வராது. உந்தம் மாறாமல் இருப்பது உறுதி, ஆனால் உந்தக் கணக்கு மட்டும் ஒரே விடையைத் தராது. இரண்டும் ஒட்டிக்கொண்டு 1.5 வேகத்தில் போனாலும் மொத்தம் 30-தான். எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்பது பொருளுக்குப் பொருள் மாறும். பிரியும் வேகத்தை நெருங்கிய வேகத்தால் வகுத்து வரும் எண்ணைப் பாடப்புத்தகம் மீட்சியளிப்பு குணகம் என்கிறது. நியூட்டன் பத்தடி நீள ஊசல்களில் குண்டுகளைத் தொங்கவிட்டு, காற்றின் தடையையும் கழித்துக்கொண்டு இதை அளந்திருக்கிறார். இறுகச் சுற்றிய கம்பளி உருண்டைக்கு 9-க்கு 5, கண்ணாடிக்கு 16-க்கு 15 என்று 1687-இல் வெளியான தன் பிரின்சிபியாவில் எழுதினார். எல்லாவற்றிலும் உந்தம் சரியாக இருந்தது, துள்ளல்தான் வேறுபட்டது.

நம் ஸ்ட்ரைக்கருக்கு ஒரு பேச்சுக்கு 0.8 என்று வைத்தால், ஸ்ட்ரைக்கர் 1.1, காய் 2.7. உந்தம் 16.5-உம் 13.5-உம் சேர்ந்து அதே 30. ஆனால் இயக்க ஆற்றலில் 9 சதவீதம் காணாமல் போயிருக்கும். 'டக்' என்ற சத்தம் அதில் ஒரு துளி, மிச்சம் வெப்பம். ஆற்றல் இப்படி வெப்பமாகக் கரைவதுபோல உந்தம் ஏன் கரையக் கூடாது? வெப்பம் என்பது அணுக்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஆடுவது. திசை உள்ள உந்தங்களைக் கூட்டினால் அந்த ஆட்டம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். ஆற்றலுக்குத் திசை கிடையாது, அதனால் வெப்பத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். உந்தத்துக்கு ஒளிய இடமில்லை.

இந்தக் கணக்கு விளையாட்டுச் சாமான்களோடு நின்றிருந்தால் இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். 1932-இல் இதையே வைத்து, யாரும் பார்த்திராத ஒரு துகளை எடைபோட்டார்கள்.

ஆல்பா துகள்களால் (ஹீலியம் அணுக்கருக்கள்) பெரிலியம் என்ற உலோகத்தைத் தாக்கினால் மின்னூட்டம் இல்லாத, ஊடுருவல் மிகுந்த ஏதோ ஒரு கதிர் வருகிறது என்பது 1930-இல் ஜெர்மனியில் போத்தே, பெக்கர் இருவரும் கண்டது. 1932 ஜனவரியில் பாரிஸில் ஐரீன் கியூரியும் ஃபிரெடெரிக் ஜோலியோவும் அந்தக் கதிரின் வழியில் பாரஃபின் மெழுகை வைத்தார்கள். மெழுகிலிருந்து புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன் அணுக்கருக்கள், தெறித்து வந்தன. இது காமா கதிராகத்தான் இருக்கும் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக்குக்கு அது ஒப்பவில்லை. காமா கதிரும் ஒருவகை ஒளிதான். ஒளிக்கும் உந்தம் உண்டு, ஆனால் அதன் ஆற்றலோடு ஒப்பிட்டால் அது சொற்பம். ஒரு புரோட்டானை அந்த வேகத்தில் தள்ள காமா கதிருக்கு 55 மில்லியன் எலெக்ட்ரான்வோல்ட் (அணு உலகில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் வேண்டும். அதே கதிர் நைட்ரஜன் அணுக்கருவைத் தள்ளியதையும் அளந்தபோது, 90 மில்லியன் தேவை என்று வந்தது. ஒரே கதிருக்கு இரண்டு விலை! ஒன்று, உந்த விதியையும் ஆற்றல் விதியையும் கைகழுவ வேண்டும். இல்லையென்றால் வந்தது காமா கதிர் இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அணுக்கரு ஓர் எலெக்ட்ரானை உமிழும் பீட்டா சிதைவில் ஆற்றல் கணக்கு உதைத்ததால், அந்த விதியையே விட்டுவிடலாமா என்று இயற்பியலாளர் நீல்ஸ் போர் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே முதல் வழியும் வெறும் பேச்சுக்குச் சொன்னதில்லை.

சாட்விக் இரண்டாவது வழியை எடுத்தார். வந்தது நிறையுள்ள துகள் என்று கொள்வோம். அதன் நிறை தெரியாது, வேகமும் தெரியாது. மின்னூட்டம் இல்லாததால் கருவியில் தடமும் பதியாது. அது அடித்துத் தள்ளியவற்றின் வேகம் மட்டுமே தெரியும். அடிபட்டவற்றில் மிக வேகமாகப் போனவை நேருக்கு நேர் அடிபட்டவை; ஆகவே அவற்றுக்கு நம் நேர்க்கோட்டுக் கணக்கே போதும். காற்றில் சுமார் 40 சென்டிமீட்டர் தூரம் போன புரோட்டானின் வேகம் வினாடிக்கு 3.3 கோடி மீட்டர். நைட்ரஜன் அணுக்கரு 47 லட்சம் மீட்டர்.

படகுக்கு வாருங்கள். நின்றிருந்த பொருள் படகைப் போல் இரு மடங்கு வேகத்தில் கிளம்பும். படகின் வேகம், வந்த துகளின் உந்தத்தை இருவரின் மொத்த நிறையால் வகுத்தது. வந்த துகள் இரண்டு சோதனையிலும் ஒன்றே. ஆகவே ஒரு வேகத்தை மற்றதால் வகுத்தால் அதன் உந்தம் அடிபட்டுப் போகும், நிறைகள் மட்டும் மிஞ்சும். ஹைட்ரஜன் 1, நைட்ரஜன் 14. துகளின் நிறையோடு 14-ஐக் கூட்டி, அதே நிறையோடு 1-ஐக் கூட்டியதால் வகுத்தால் வர வேண்டியது 3.3 கோடிக்கு 47 லட்சம், அதாவது ஏறத்தாழ 7. தீர்த்துப் பாருங்கள், துகளின் நிறை 1.16 என்று வரும். அளவீட்டில் 10 சதவீதம்வரை பிழை இருக்கலாம் என்பதால், புரோட்டானின் நிறைக்கு மிக அருகில் என்று சாட்விக் சொன்னார். அதுதான் நியூட்ரான். 1935-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். நியூட்ரான் புரோட்டானைவிட ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கனம் என்பது இன்றைய அளவு.

பாரிஸ்காரர்கள் மெழுகை வைத்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. மெழுகில் ஹைட்ரஜன் நிறைய. சம எடைக் கோலிபோல, நேராக அடித்த நியூட்ரான் தன்னிடம் இருப்பதை மொத்தமாகக் கொடுத்துவிட்டு நிற்கும். கனமான அணுக்கருவில் மோதினால் கொடுப்பது சொற்பம்: கார்பனில் நேர் மோதல் ஒன்றில் ஆற்றலில் 28 சதவீதம், ஈயத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவு. காமா கதிரைத் தடுக்கும் ஈயச் சுவர் நியூட்ரானை மெதுவாக்க உதவாமல் போவதும், அந்த வேலைக்குத் தண்ணீரையும் கான்கிரீட்டையும் தேடுவதும் இதனால்தான்.

அணு உலைக்கும் இதே கணக்கு. யுரேனியம் பிளக்கும்போது பிறக்கும் நியூட்ரான் வினாடிக்கு 2 கோடி மீட்டர் போல ஓடும். அடுத்த யுரேனியம்-235 அணுக்கரு அதை எளிதில் பிடிக்க வேண்டுமானால் 2,200 மீட்டர் அளவுக்கு வேகம் இறங்க வேண்டும். மெதுவாக்கும் பொருளுக்குப் பெயர் தணிப்பான். எல்லா மோதலும் நேர் மோதலாக அமையாது என்பதால் சராசரியாக ஹைட்ரஜனில் 18 மோதல், டியூட்டீரியத்தில் (இரு மடங்கு கனமான ஹைட்ரஜன்) 25, கார்பனில் 115 போல ஆகும். அப்படியானால் சாதாரணத் தண்ணீர் போதுமே என்று தோன்றும். ஆனால் ஹைட்ரஜன் அவ்வப்போது நியூட்ரானை விழுங்கிவிடுகிறது. செறிவூட்டாத, அதாவது யுரேனியம்-235-இன் பங்கைக் கூட்டாத, யுரேனியத்தில் அந்த இழப்பைத் தாங்க முடியாது. அதனால்தான் கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணு மின் நிலையம் கனநீரை, அதாவது சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள தண்ணீரை, பயன்படுத்துகிறது. டியூட்டீரியம் நேர் மோதலில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஆற்றலை வாங்கிக்கொள்ளும், விழுங்குவது மிகக் குறைவு.

அதே கல்பாக்கத்தில் 1985 முதல் ஒரு வேக ஈனுலை, அதாவது வேகமான நியூட்ரான்களைக் கொண்டே இயங்கும் அணு உலை, இருக்கிறது. அதற்குத் தேவை நேர் எதிர்: நியூட்ரான் வேகம் குறையவே கூடாது, ஆனால் உலையின் வெப்பத்தை எடுத்துப்போக ஏதாவது திரவம் வேண்டும். தண்ணீரை ஓடவிட்டால் அதில் இருக்கும் ஹைட்ரஜன் நியூட்ரானை நிறுத்தியே விடும். அங்கே ஓடுவது உருகிய சோடியம். நிறை 23, நேராக மோதினாலும் நியூட்ரானிடமிருந்து 16 சதவீதத்துக்கு மேல் வாங்க அதனால் முடியாது.