எச்.டி. நெட்வொர்க் சேனல்களுக்காகக் கூரையில் ஏறிய கூடுதல் கருவிகள்

அமெரிக்காவில் டைரக்டிவி செயற்கைக்கோள் இணைப்பு வைத்திருந்த ஒரு குடும்பம் 2005-ஆம் ஆண்டின் இறுதியில் புதிதாக ஓர் எச்.டி. தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியிருந்தால், அதைப் பழைய ரிசீவருடன் இணைத்த மாத்திரத்தில் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் ஆகிய நான்கு பெரிய நெட்வொர்க்குகளின் உள்ளூர்ச் சேனல்கள் எச்.டி. தரத்தில் வந்துவிடவில்லை. கூரையிலிருந்த டிஷ், அதன் முனையில் சமிக்ஞையைப் பிடிக்கும் எல்.என்.பி. என்ற கருவி, வீட்டுக்குள் இருந்த ரிசீவர் ஆகியவற்றை மாற்ற வேண்டியிருந்தது. சில வீடுகளில் கேபிளின் நுனியில் சிறிய மாற்றிகளையும் பொருத்த வேண்டியிருந்தது. வாடிக்கையாளரிடம் பெட்டிமேல் பெட்டியாக விற்கும் வழி என்று இது தோன்றலாம். வணிகக் கணக்கு இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்தக் கருவிகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பற்றாக்குறையைச் சமாளிக்கவே வந்தன. அதிர்வெண்ணில் இடமில்லை, வானத்தில் இடமில்லை, கடைசியில் கேபிளுக்குள்ளும் இடமில்லை.

சிக்கலின் வேர் படத்தின் தரத்தில் மட்டும் இல்லை. அமெரிக்க நெட்வொர்க்குகளின் அமைப்பில் இருக்கிறது. சென்னையில் பார்க்கும் சன் டிவியும் மதுரையில் பார்க்கும் சன் டிவியும் ஒன்றே. ஒரே சமிக்ஞையை ஒரு முறை செயற்கைக்கோளுக்கு ஏற்றினால் போதும். அமெரிக்காவில் சிபிஎஸ் என்பது நாடு முழுவதற்குமான ஒரே சேனல் அன்று. ஒவ்வொரு நகரத்திலும் தனி நிலையம் ஒன்று நெட்வொர்க்கின் நிகழ்ச்சிகளுடன் தன் சொந்தச் செய்திகளையும் விளம்பரங்களையும் கலந்து ஒளிபரப்புகிறது. நீல்சன் நிறுவனம் நாட்டை இத்தகைய 210 தொலைக்காட்சிச் சந்தைகளாகப் பிரித்திருக்கிறது. 1988-இல் வந்த சட்டம், கூரை ஆன்டெனாவில் உள்ளூர் நிலையம் எட்டாத வீடுகளுக்கு மட்டுமே வெளியூர் நெட்வொர்க் நிலையத்தைச் செயற்கைக்கோள் வழியே தர அனுமதித்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டம்தான் உள்ளூர் நிலையத்தை அந்த ஊர்க்காரர்களுக்கே செயற்கைக்கோள் வழியே திருப்பித் தர வழிவிட்டது. இந்த வரம்பு வெறும் காகித வரம்பன்று. தகுதியில்லாத வீடுகளுக்கும் வெளியூர் நிலையங்களைக் கொடுத்ததற்காக, டைரக்டிவியின் போட்டிச் சேவையான டிஷ் நெட்வொர்க்கை நடத்திய எக்கோஸ்டார் நிறுவனம் 2006 டிசம்பர் 1 முதல் அந்தச் சேவையையே நிறுத்த வேண்டும் என்று நீதிமன்றம் தடை விதித்தது. கூரையில் எல்லாக் கருவிகளும் சரியாக இருந்தும் சேனல் மட்டும் போனது.

இனி கணக்குக்கு வருவோம். 210 சந்தைகளுக்கும் நான்கு நெட்வொர்க்குகள் என்றால் 840 சேனல்கள். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட படம் நொடிக்கு 30 முறை மாறும்போது, சுருக்காத நிலையில் அது நொடிக்கு ஏறத்தாழ 150 கோடி பிட்கள் ஆகிறது. அமெரிக்கத் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு எம்பெக்-2 முறையில் இதைச் சுருக்கி, நொடிக்கு 1.939 கோடி பிட்கள் கொண்ட ஒரு சேனலுக்குள் அடக்கியது. டைரக்டிவி 1994-இல் தொடங்கியபோது அதற்கு இருந்த அடிப்படைச் சொத்து, மேற்கு 101 டிகிரி தீர்க்கரேகைக்கு மேலே 12.2 முதல் 12.7 கிகாஹெர்ட்ஸ் வரையிலான கேயு அலைக்கற்றையும், சமிக்ஞையை வாங்கித் திருப்பி அனுப்பும் 32 டிரான்ஸ்பாண்டர்களும். ஒரு டிரான்ஸ்பாண்டர் நொடிக்குச் சுமார் 3 கோடி பிட்களையே சுமந்தது. சாதாரணத் தரச் சேனல்கள் பத்துக்கு இடம் கொடுத்த அதில் எச்.டி. சேனல் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. 840-ஐ இரண்டால் வகுத்தால் 420 டிரான்ஸ்பாண்டர்கள் வேண்டும். கையில் இருந்தவையோ 32. அவையும் ஏற்கெனவே நிரம்பியவை. 110, 119 டிகிரிகளில் கிடைத்த கூடுதல் இடமும் இந்த எண்ணுக்கு முன்னால் நிற்கவில்லை.

இதற்கு விடையாக 2004 செப்டம்பரில் டைரக்டிவி அறிவித்த திட்டத்தில் மூன்று மாற்றங்கள் சேர்ந்தே வந்தன. முதலாவது, 2003-இல் வரையறுக்கப்பட்ட எம்பெக்-4 ஏவிசி சுருக்க முறை. அதே தரப் படத்துக்கு இது எம்பெக்-2 கேட்கும் பிட்களில் ஏறத்தாழ பாதியே கேட்கும். பழைய ரிசீவர்களில் இருந்த சில்லுகளுக்கு இந்த முறை தெரியாது, மென்பொருளால் கற்றுக்கொடுக்கவும் முடியாது. ஆகவேதான் எச்20 என்ற புதிய ரிசீவர். இரண்டாவது, 18.3 முதல் 18.8 கிகாஹெர்ட்ஸ் வரையும் 19.7 முதல் 20.2 கிகாஹெர்ட்ஸ் வரையும் உள்ள கேஏ அலைக்கற்றை. மூன்றாவது, நாடு முழுவதையும் மூடும் ஒரே கற்றைக்குப் பதிலாகச் சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ள குறுங்கற்றைகள். ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள இரு நகரங்களுக்கு ஒரே அதிர்வெண்ணில் வெவ்வேறு நிலையங்களை அனுப்பலாம் என்பதால், அதே 500 மெகாஹெர்ட்ஸ் திரும்பத் திரும்பப் பயன்படுகிறது. டெட்ராய்ட் முதலான நகரங்களுக்கு இந்தச் சேவையைத் தொடங்கிவைத்த ஸ்பேஸ்வே 1, 2 ஆகிய செயற்கைக்கோள்கள் முதலில் அகண்ட அலைவரிசை இணைய சேவைக்காகக் கட்டப்பட்டவை. அந்தத் திட்டம் கைவிடப்பட்டதும் 2005 ஏப்ரலிலும் நவம்பரிலும் ஏவப்பட்டு, உள்ளூர்த் தொலைக்காட்சியைச் சுமக்கும் வேலைக்கு வந்தன.

புதிய டிஷ் ஏன் தேவைப்பட்டது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் சுவையான பகுதி. பழைய 45 செ.மீ. வட்ட டிஷ் அவ்வளவு சிறியதாக இருக்க முடிந்ததற்குக் காரணம், அமெரிக்காவின் நேரடி ஒளிபரப்புச் செயற்கைக்கோள்கள் சுற்றுப்பாதையில் 9 டிகிரி இடைவெளியில் நிறுத்தப்பட்டிருந்ததே. ஒரு டிஷ்ஷின் பார்வைக் கற்றையின் அகலம் டிகிரியில் எவ்வளவு என்பதை, அலைநீளத்தை 70-ஆல் பெருக்கி டிஷ்ஷின் விட்டத்தால் வகுத்துத் தோராயமாக அறியலாம். கேயு அலைநீளம் 2.4 செ.மீ. என்பதால் 45 செ.மீ. டிஷ்ஷுக்குக் கற்றையின் அகலம் சுமார் 3.7 டிகிரி, அடுத்த செயற்கைக்கோள் 9 டிகிரிக்கு அப்பால் இருக்கும்போது குழப்பமே இல்லை. கேஏ செயற்கைக்கோள்களோ 2 டிகிரி இடைவெளியில் நிறுத்தப்படுபவை. டைரக்டிவி தன்னுடைய கேஏ செயற்கைக்கோள்களைப் பழைய 101-க்கு இருபுறமும் 99, 103 டிகிரிகளையொட்டி நிறுத்தியது. இத்தனை நெருக்கத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறியக் கற்றை ஒடுங்க வேண்டும். ஒடுங்க வேண்டுமானால் டிஷ் அகல வேண்டும். கேஏ அலைகள் மழையில் அதிகம் தேய்வதால், கூடுதல் பரப்பு அந்த இழப்பையும் ஓரளவு ஈடுகட்டியது. அகலவாக்கில் நீண்ட அந்தப் புதிய டிஷ்ஷின் முனையில் 99, 101, 103, 110, 119 ஆகிய ஐந்து இடங்களையும் ஒரே நேரத்தில் பார்க்கும் ஐந்து எல்.என்.பி.க்களின் தொகுதி அமர்ந்திருந்தது.

ஒடுங்கிய கற்றைக்கு ஒரு விலையும் உண்டு. விட்டம் 75 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 1.5 செ.மீ. அலைநீளத்தில் கற்றையின் அகலம் 1.4 டிகிரி. பழைய டிஷ்ஷைப் பொருத்தும்போது 1 டிகிரி தவறினால் சமிக்ஞையில் ஐந்தில் ஒரு பங்குதான் போகும். புதிய டிஷ்ஷில் அதே 1 டிகிரி தவறினால் மிஞ்சுவதே நான்கில் ஒரு பங்குதான். ஆகவேதான் இந்த டிஷ்ஷைக் கையால் தள்ளி நிறுத்திவிட்டு இறங்க முடியாது. அதன் முதுகில் இடவலமாகவும் மேல்கீழாகவும் நுட்பமாக நகர்த்தும் திருகுகள் இருந்தன. பொருத்துநர் திருகை ஒரு பக்கம் திருப்பி மீட்டரில் சமிக்ஞை ஓர் அளவுக்குக் குறையும் இடத்தைக் குறித்துக்கொள்வார். பிறகு எதிர்ப்பக்கம் திருப்பி, அதே அளவுக்குக் குறையும் வரை எத்தனை சுற்று என்று எண்ணுவார். அந்த எண்ணிக்கையில் பாதியைத் திரும்ப வந்து திருகை இறுக்குவார். உச்சியை நேராகத் தேடுவதைவிட இது துல்லியமானது. ஏனென்றால் உச்சியின் அருகில் மீட்டர் முள் அசைவதே இல்லை, சரிவுகளில்தான் நன்றாக அசைகிறது. காற்றில் டிஷ் அசையாதிருக்கக் கம்பத்திலிருந்து கூரைக்கு இரண்டு தாங்குகால்களும் வைக்கப்பட்டன. பழைய சிறிய டிஷ்ஷுக்கு இவை தேவைப்பட்டதில்லை.

அடுத்த நெருக்கடி கேபிளுக்குள். எல்.என்.பி. தான் பிடிக்கும் உயர் அதிர்வெண்ணைக் கேபிளில் போகக்கூடிய தாழ்ந்த அதிர்வெண்ணாக மாற்றி அனுப்புகிறது, 12.2-லிருந்து 11.25 கிகாஹெர்ட்ஸைக் கழித்தால் 950 மெகாஹெர்ட்ஸ், 12.7-லிருந்து கழித்தால் 1450. பழைய ரிசீவர்கள் எதிர்பார்த்தது இந்த 950–1450 இடத்தைத்தான். ரிசீவர் 13 வோல்ட் கொடுத்தால் ஒரு சுழற்சியில் வரும் அலைகளும் 18 வோல்ட் கொடுத்தால் எதிர்ச் சுழற்சியில் வரும் அலைகளும் கீழே வரும்; 22 கிலோஹெர்ட்ஸ் தொனியைச் சேர்த்தால் வேறு செயற்கைக்கோள் வரும். கேஏ வந்ததும் இரண்டு புதிய 500 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளுக்கு அதே கம்பியில் இடம் தேட வேண்டியதாயிற்று. ஒன்று மேலே, 1650 முதல் 2150 வரை. மற்றொன்று கீழே, 250 முதல் 750 வரை. ரிசீவரின் டியூனருக்கு 950-க்குக் கீழே கண் தெரியாது. எனவே ரிசீவரின் முதுகில் விரல் நீளமுள்ள மாற்றி ஒன்றைத் திருகி, அந்தக் கீழ்ப் பட்டையை மேலே தூக்க வேண்டியிருந்தது. இதைப் பி-பேண்ட் மாற்றி என்றார்கள். பதிவு வசதியுள்ள ரிசீவரில் இரண்டு டியூனர்கள் இருப்பதால் இரண்டு கேபிள்கள், இரண்டு மாற்றிகள். ஸ்பேஸ்வேக்கு இது தேவைப்படவில்லை. 2007 ஜூலையில் ஏவப்பட்ட டைரக்டிவி 10-இன் சேனல்களுக்குத்தான் தேவைப்பட்டது.

இந்தக் கீழ்ப் பட்டை இன்னொரு பழைய வழக்கத்தையும் குலைத்தது. கூரையில் தரைவழி ஆன்டெனா வைத்திருந்தவர்கள், டைப்ளக்சர் என்ற சிறு கருவியால் அதன் சமிக்ஞையையும் டிஷ் சமிக்ஞையையும் ஒரே கேபிளில் இறக்கி, கீழே மறுபடி பிரித்துக்கொண்டிருந்தார்கள். யுஎச்எஃப் தொலைக்காட்சி 470 மெகாஹெர்ட்ஸிலிருந்து மேலே இருப்பதால், 250–750 வந்ததும் இரண்டும் நேருக்கு நேர் மோதின. தனிக் கேபிள் இழுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பின்னர் வந்த ஒற்றைக் கம்பி மல்டிசுவிட்ச் இதைத் தீர்த்தது: அது எல்லாப் பட்டைகளையும் கீழே தள்ளாமல், ஒவ்வொரு டியூனரும் கேட்கும் டிரான்ஸ்பாண்டரை மட்டும் எடுத்து, 974 முதல் 1790 மெகாஹெர்ட்ஸ் வரை 102 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அந்த டியூனருக்கென ஒதுக்கிய இடத்தில் வைத்து அனுப்பியது. எட்டு டியூனர்களுக்கு ஒரே கேபிள் போதும், மாற்றிகள் வேண்டாம், டைப்ளக்சர் மறுபடி வேலை செய்யும். சுவிட்சுக்கு மின்சாரம் ஊட்டும் ஒரு சிறு பெட்டி மட்டும் புதிதாகச் சேர்ந்தது.

டிஷ் நெட்வொர்க்கின் பாதை வேறு, பற்றாக்குறை அதே. அதன் தொடக்ககால எச்.டி. ரிசீவரான 6000-இல் எச்.டி. சேனல்களின் பிட்களை அலையில் ஏற்றிய 8பிஎஸ்கே என்ற பண்பேற்றத்தைப் பிரிக்கத் தனி அட்டை, தரைவழி ஒளிபரப்பைப் பிடிக்க வேறோர் அட்டை என்று செருக வேண்டியிருந்தது. சிபிஎஸ் எச்.டி. கிழக்குப் பகுதியினருக்கு 61.5 டிகிரியிலும் மேற்குப் பகுதியினருக்கு 148 டிகிரியிலும் இருந்ததால், 110-119 பார்க்கும் டிஷ்ஷுடன் இரண்டாவது டிஷ் ஒன்றும் கூரை ஏறியது.

இத்தனை கருவிகளுக்கு நடுவே, நகரத்தில் வாழ்ந்தவர்களுக்கு என் கணிப்பில் மிகச் சிறந்த கூடுதல் கருவி சாதாரணக் கூரை ஆன்டெனாதான். நிலையம் அனுப்பும் பிட்களை அது அப்படியே பிடிக்கிறது. செயற்கைக்கோள் வழியில் அதே படம் எம்பெக்-4-க்கு மறுபடி சுருக்கப்பட்டு, சற்று மெருகு குறைந்தே வருகிறது. எச்20 ரிசீவருக்குள்ளேயே இதற்கான டியூனர் இருந்தது. ஆன்டெனா கேபிளைச் செருகினால் உள்ளூர் நிலையங்கள் நிகழ்ச்சி வழிகாட்டியில் மற்ற சேனல்களோடு கலந்து நிற்கும். அதை அடுத்து வந்த எச்21-இல் அந்த டியூனரை நீக்கிவிட்டார்கள். ஆன்டெனாவை விட மனமில்லாதவர்களுக்காக ஏஎம்21 என்ற பெயரில் அதே டியூனர் தனிப் பெட்டியாக விற்பனைக்கு வந்தது.