அப்பாவின் காமிக்ஸ் பெட்டியை எடைக்குப் போடும் முன்

2025 நவம்பரில் அந்தச் செய்தி வந்த வாரம் என் கைப்பேசி ஓயவில்லை. அமெரிக்காவில் மூன்று சகோதரர்கள், காலமான அம்மாவின் வீட்டுப் பரணை ஒதுக்கியபோது சூப்பர்மேன் முதல் இதழைக் கண்டெடுத்தார்கள். 1939-ல் வந்த புத்தகம். ஏலத்தில் 91 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்குப் போனது. நம் பணத்துக்கு ஏறத்தாழ 80 கோடி ரூபாய். "சார், எங்க அப்பாவும் ஒரு பெட்டி நிறைய வச்சிருந்தாரு. அதுக்கு என்ன வரும்?" என்று ஒரே வாரத்தில் எத்தனையோ பேர் கேட்டார்கள்.

மதுரையில் 26 வருடமாகப் பழைய புத்தக வியாபாரம் செய்கிறேன். காமிக்ஸுக்கென்று தனி அலமாரி வைத்திருக்கிறேன். இப்படிக் கேட்டு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் பெட்டிக்குள் வீடு வாங்கும் பணம் இருக்கிறது என்று நம்புவார். இன்னொருவர் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று மொத்தத்தையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து என்னிடம் வந்து விசாரிப்பார். முதலாமவருக்கு ஏமாற்றத்தோடு முடிந்துவிடும். இரண்டாமவருக்குப் போனது போனதுதான்.

அந்த 80 கோடி எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். 1939-ல் அந்தப் புத்தகம் 10 சென்ட். படித்துக் கிழித்துப் போடுகிற சிறுவர் சமாச்சாரம். அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது, பழைய காகிதத்தையெல்லாம் வீடு வீடாகத் திரட்டி அரைத்தார்கள். மிஞ்சியது சொற்பம். அந்தச் சொற்பத்திலும் இந்தப் பிரதி பத்துக்கு 9.0 தரம் வாங்கியது. அங்கே சிஜிசி என்ற நிறுவனம் 2000-லிருந்து காமிக்ஸைப் பரிசோதித்து, தர எண் கொடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிட்டுத் தருகிறது. அந்த எண் அரை கூடினாலும் விலை தாவும்.

இதற்கு நேர் எதிரான கதையும் அதே நாட்டில்தான் நடந்தது. 1991-ல் எக்ஸ்-மென் புது வரிசையின் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. 1992-ல் சூப்பர்மேன் சாகும் இதழைக் கறுப்பு உறையில் போட்டு விற்றார்கள். பிற்காலத்தில் விலை ஏறும் என்று ஆளுக்கு நாலைந்து வாங்கிப் பிரிக்காமலே பத்திரப்படுத்தினார்கள். எல்லோருமே பத்திரப்படுத்தியதால் இன்றைக்கும் அது தாராளமாகக் கிடைக்கிறது. அதனால் விலை இல்லை. பழசு, முதல் இதழ், பிரபலமான நாயகன் என்பதெல்லாம் மட்டும் போதாது. எத்தனை பிரதி மிஞ்சியிருக்கிறது, அதை இப்போது எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் கணக்கு.

சரி, நம் பரணுக்கு வருவோம். தமிழ் வீட்டுப் பெட்டியில் பொதுவாக என்ன இருக்கும்? 1972-ல் சிவகாசியிலிருந்து தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-ல் அதே ஊரிலிருந்து வந்த லயன், பிறகு திகில், மினி லயன். அதே 1984-ல் தொடங்கி 2005 வரை வந்த ராணி காமிக்ஸ். டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964 முதல் 1990 வரை வெளியிட்ட இந்திரஜால். 1967-ல் தொடங்கிய அமர் சித்திரக் கதை. இவற்றோடு வார இதழ்களில் வந்த படக்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த கட்டுகள்.

தொலைபேசியில் பேசுகிறவர்கள் "மாயாவி புக் நிறைய இருக்கு" என்பார்கள். எந்த மாயாவி என்று உடனே கேட்பேன். முத்து காமிக்ஸின் முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி; எழுபதுகளில் வந்த அந்த ஒரிஜினலுக்கு ஆள் அலைகிறார்கள். ராணி காமிக்ஸிலும் ஒரு மாயாவி உண்டு. அவர் முகமூடி போட்ட காட்டு வீரர், மற்ற இடங்களில் வேதாளர் என்று வருபவர். பெயர் ஒன்று, விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரும்புக்கை மாயாவியிலேயே ஒரிஜினல் எது, பின்னால் காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற பெயரிலும் அதற்குப் பிறகும் வந்த மறுபதிப்பு எது என்று பார்க்க வேண்டும். அட்டையில் அச்சான விலையையும், உள்ளே பதிப்பு விவரம் இருக்கும் வரியையும் பாருங்கள். எழுபதுகளின் புத்தகத்தில் ரூபாய்க் கணக்கில் பத்து, இருபது என்று விலை இருக்க வாய்ப்பே இல்லை.

அமர் சித்திரக் கதை வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்வதுதான் எனக்குச் சங்கடம். அருமையான புத்தகங்கள், ஆனால் தொடர்ந்து மறு அச்சு ஆகிக்கொண்டே இருப்பவை. "இதுதான் முதல் பதிப்பு" என்று கொண்டுவரும் பிரதிகளில் பெரும்பாலானவை எத்தனையோ அச்சுக்குப் பிறகு வந்தவையாகவே இருக்கின்றன. கடையில் புதிதாகக் கிடைக்கும் புத்தகத்தின் பழைய பிரதிக்குச் சேகரிப்பாளர் ஏன் கூடுதலாகக் கொடுக்கப் போகிறார்?

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெண்மணி இரண்டு டிரங்குப் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்கே கொண்டுவந்தார். அவருடைய அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். பெட்டியைத் திறந்ததும் பாச்சா உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினோம். 412 புத்தகங்கள். ராணி மட்டுமே 171. அமர் சித்திரக் கதை 96. அடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றி, எழுபதுகளின் முத்து காமிக்ஸ் 23.

அந்த 23-ல் 9 நன்றாக இருந்தன. மற்ற 14-ல் குறை. சிலவற்றில் முதுகில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, சுற்றிலும் காபிக் கறை மாதிரி காகிதம் அரித்திருந்தது. இரண்டுக்கு அட்டையே இல்லை. ஒன்றில் பக்கம் பக்கமாக மெழுகு பென்சிலால் வண்ணம் தீட்டியிருந்தது. "அது நான்தான் சார், அப்ப எனக்கு நாலு வயசு" என்றார். ஐந்து புத்தகங்களை அவருடைய அப்பா ஆசையாக பைண்டு செய்திருந்தார். பைண்டர் மூன்று பக்கமும் ஓரத்தை வெட்டிவிட்டதில் பேச்சுக் குமிழிகளில் கடைசி எழுத்துகளும் போயிருந்தன. பாதுகாக்க வேண்டும் என்று செய்த காரியம்தான். ஆனால் ஓரம் வெட்டிய புத்தகத்துக்குச் சேகரிப்பாளர் கால்வாசி விலைகூடத் தரமாட்டார்.

நான் அவரிடம் சொன்ன கணக்கு இது. மொத்தத்தையும் இன்றே நான் எடுத்துக்கொண்டால் 36,000 ரூபாய். நீங்களே பிரித்துப் பிரித்து விற்றால் இரட்டிப்புக்குக் கொஞ்சம் கூட வரலாம், ஆனால் ஒரு வருடம் ஆகும். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். பதினொரு மாதத்தில் கைக்கு வந்தது ஏறத்தாழ 79,000. அதில் 38,000 அந்த முத்து காமிக்ஸிலிருந்து மட்டும். 171 ராணி காமிக்ஸும் சேர்ந்து 17,000. அமர் சித்திரக் கதை 96-க்கும் 3,000-கூட வரவில்லை. பெரிய சேகரிப்பு எதைப் பிரித்துப் பார்த்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். விரல்விட்டு எண்ணக்கூடிய சில புத்தகங்கள் பாதி மதிப்பைச் சுமக்கும், மீதி நூற்றுக்கணக்கில் இருந்தும் கொஞ்சம்தான் தேறும்.

வியாபாரி சொல்லும் விலை ஏன் பாதியாக இருக்கிறது என்று கோபப்படுகிறார்கள். அந்த 36,000-த்தை நான் ஒரே நாளில் கொடுத்துவிட்டு, ஒரு வருடம் காத்திருந்து, துடைத்து, படம் எடுத்து, கூரியர் அனுப்பி, விற்காததையும் அடுக்கி வைத்திருக்க வேண்டும். அந்த உழைப்பை நீங்கள் செய்தால் அந்தப் பணம் உங்களுக்கு. அதே சமயம், நானும் வாங்குகிறவன்தான் என்பதை மறக்காதீர்கள். நான் சொன்னாலும் இன்னொரு இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகமாகக் குழப்புவது இணையத்தில் பார்க்கும் விலை. ஒருவர் ஒரு ராணி காமிக்ஸுக்கு 5,000 ரூபாய் என்று போட்டிருப்பார். அது அவர் கேட்கும் விலை. அந்தப் புத்தகம் இரண்டு வருடமாக அதே இடத்தில் அதே விலையில் கிடக்கும். என்ன விலைக்குக் கைமாறியது என்பதுதான் உங்களுக்கு வேண்டும். சேகரிப்பாளர் குழுக்களில் "விற்றாயிற்று" என்று முடிந்த பதிவுகளைத் தேடுங்கள், அதே புத்தகத்துக்கு மூன்று நான்கு கிடைத்தால் நடுவில் ஒரு விலை புலப்படும். ஒரே ஒரு பெரிய விலையை வைத்துக்கொண்டு 400 புத்தகத்தால் பெருக்காதீர்கள்.

கையில் எடுத்ததும் முதல் வேலை பட்டியல். ஒரு நோட்டில் புத்தகத்தின் பெயர், வெளியீடு, எண், மாதம் வருடம், அட்டை விலை, அட்டை இருக்கிறதா, பக்கம் குறைகிறதா, கூப்பன் வெட்டியிருக்கிறதா என்று எழுதுங்கள். பட்டியல் முடியும்வரை யாருக்கும் ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். "சும்மா நாலு மட்டும் எடுத்துக்கறேன்" என்று வருகிறவருக்கு அந்த நாலு எது என்று தெரியும், உங்களுக்குத் தெரியாது. நல்லதைப் பொறுக்கிக்கொண்டு போன பிறகு மீதி லாட்டை யாரும் தொடமாட்டார்கள். "இன்னிக்கே முடிச்சுக்கலாம், நாளைக்கு இந்த விலை கிடையாது" என்று அவசரப்படுத்துகிறவரிடம் பட்டியலை மட்டும் அனுப்புங்கள்.

பட்டியலுக்கு இன்னொரு பயனும் உண்டு. உயில் எழுதாமல் போன அப்பாவின் பெட்டி ஒரு பிள்ளைக்கு மட்டும் சொந்தமில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய அம்மா, எல்லோருக்கும் பங்கு. வீட்டில் இருக்கிற தம்பி தானே விற்றுவிட்டு, "பழைய பேப்பர்தானே அக்கா" என்று சொல்லப்போய்ப் பேச்சுவார்த்தையே நின்றுபோன குடும்பங்களை எனக்குத் தெரியும். பட்டியலை ஒரு பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.

கிழிசலை செலோ டேப் போட்டு ஒட்டாதீர்கள். சில வருடத்தில் அது மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். துருப்பிடித்த பின்னைப் பிடுங்காதீர்கள், லேமினேஷன் வேண்டாம், வெயிலில் காயப்போடவும் வேண்டாம். கரையானோ ராமபாணமோ கண்ணில் பட்டால் அந்தப் புத்தகங்களை மட்டும் உடனே தனியாக எடுத்து வையுங்கள்.

எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்றும் கேட்கிறார்கள். இன்றைக்குத் தேடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். பள்ளி நாளில் வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்ததைத் திரும்பத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்த ஏக்கம் கிடையாது. அதனால் காத்திருந்தால் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. விற்பது என்று முடிவானால் ஒன்றிரண்டு வருடத்தில் விற்றுவிடுங்கள். விற்க மனமில்லாமல், அதே சமயம் சேகரிப்பு சிதறக் கூடாது என்று நினைப்பவர்கள் நூலகங்களிடம் பேசிப் பார்க்கலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமே கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த புத்தகங்களிலிருந்துதான் பிறந்தது.

அந்தப் பெண்மணி விற்பதற்கு முன் ஐந்து புத்தகங்களைத் தனியாக எடுத்துக்கொண்டார். நான்கில் அட்டையின் உள்பக்கம் நீல மையில் "விருதுநகர் ஜங்ஷன்" என்று எழுதி, தேதியும் போட்டு அப்பாவின் கையெழுத்து. அட்டையில் பேனா பட்டால் சேகரிப்பாளரிடம் விலை குறையும் என்று நான்தான் சொன்னேன். "அப்படின்னா இது எனக்கு" என்று பைக்குள் வைத்தார். ஐந்தாவது அந்த மெழுகு பென்சில் புத்தகம்.

என்னைப் போன்ற யாரிடமாவது விலை கேட்பதாக இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், படம் போதும். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், முன் அட்டை, பின் அட்டை, பதிப்பு விவரம் உள்ள பக்கம், பின் அடித்திருக்கும் நடுப்பக்கம் என ஒரு புத்தகத்துக்கு நான்கு எடுங்கள். குறை இருந்தால் அதையே கிட்டத்தில் ஒன்று எடுங்கள்.